மூணாறு தலைப்பு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீக்கு இறங்கினார்.
நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு
‘வெல்-நோன்’ என்றேன்.
மடியில் வாழைக்கன்றோடு இருந்த பக்கத்து சீட்டு அம்மாள்
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
ஜன்னலோரம் நகர்ந்துகொண்டார்.

காதுக்குள் ஒரு பெண்குரல்:
பெயருக்கு முன்னால் நின்றால்
அழுத்தம் முதல் சொல்லுக்கு.
வாக்கியத்தின் கடைசியில் நின்றால்
இரண்டாம் சொல்லுக்கு.
அதே சொல், அதே எழுத்து.
இது எனக்குத் தெரியாததா?
வார்டில் நான் முன்னால் நிற்கிறேன்,
புகுந்த வீட்டில் கடைசியில்.

என் நாக்கின் நுனியில் ஓர் உகரம் குடியிருக்கிறது.
வாடகை தருவதில்லை, காலியும் செய்வதில்லை.
‘லெஃப்ட்-ஹாண்டட்’ சொல்லப் போனால்
லெஃப்ட்டு ஹாண்டடு.
மூன்று அசைக்கு ஐந்து.
இலக்கணம் அதை அரை மாத்திரையாகக் குறைத்து
பெயரும் வைத்து மன்னித்துவிட்டது.
பரீட்சை நடத்துகிறவர்கள் மன்னிப்பார்களா,
தெரியவில்லை.

நடுவயதென்றால் ‘மிடில்-ஏஜ்ட்’.
அந்த ஏஜ்டுக்கு ஓரசைதான்.
அதுவே முதியோர் என்று தனியாக வந்தால்
ஏ, ஜிட்.
கிழமானால் அசை கூடுமாம்.
இதைக் கேட்டு எங்கள் வார்டுபாய் சலேத்து
அரைமணி நேரம் சிரித்தான்.

கேட் திறக்கவில்லை.
கூட்ஸ் வண்டி, நெல் மூட்டைகள்,
எண்ணி முடியாத பெட்டிகள்,
இடையிடையே கொக்கி.

‘டென்-இயர்-ஓல்ட் பாய்.’
முன்னால் நிற்கும்போது இயருக்குப் பன்மை கிடையாது,
நடுவில் இரண்டு சின்னக் கோடு.
பின்னால் போய்விட்டால்
பன்மை திரும்பி வரும், கோடுகள் உதிரும்.
கேட்டுக்கொண்டே வந்த நான் நிமிர்ந்தேன்.
பத்து வயதுப் பையன்.
பையனுக்கு வயது பத்து.
அவர்களுக்குக் கோடு, நமக்கு ஒரு ப்.
அவ்வளவுதானா, என் தாயே.

அன்று ராத்திரிதான் அவனைத் தூக்கி வந்தார்கள்,
கோரையாற்றுக் கரையிலிருந்து,
டிவிஎஸ் பிப்டியில் இருவருக்கு நடுவில் வைத்து.
கண்ணாடி விரியன். வலது கணுக்கால்.
விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி.
என்ன வயசு என்றேன்.
“பத்து” என்றது அப்பா.
“ஆடி வந்தாத்தான் பத்து” என்றது அம்மா,
அந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்காமல்.
கேஸ் ஷீட்டில் கை எழுதியது,
நைன், கோடு, இயர், கோடு, ஓல்ட்.
வாயில் மட்டும்
“தம்பி, தம்பி, தூங்காதே” என்பதைத் தவிர
எதுவும் வரவில்லை.
எங்கே அழுத்தினேன் என்று கேட்டால்
கணுக்காலைத்தான் அழுத்தக் கூடாதே என்று
கயிற்றை அவிழ்த்தேன் என்பேன்.

மூன்றாம் நாள் இட்லி கேட்டான்.

பரீட்சை திருச்சியில்.
போகும் வழியில் மூணாறு தலைப்பில்
வெண்ணாறு வந்து மதகுகளில் முட்டி
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று
பிரிந்துகொண்டிருந்தது.
ஷட்டர் சக்கரத்தைச் சுற்றுகிறவர் யாருக்கோ
“இன்னும் ஆறங்குலம்!” என்று கத்தினார்.
ஒட்டித்தான் சொன்னார்.
ஆறு, அங்குலம் என்று யாரும் அங்கே நிறுத்துவதில்லை.

திரையில் வந்த வெள்ளைக்காரம்மா
என் பெயரைப் படித்தாள்:
“தாய்லா, நயா, கீ?”
வேர்த்திருந்த முகத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.
பாவம், அவளுக்கும் ஒரு கேட்,
அவளுக்கும் மூடியிருக்கிறது.
தை. லநா. யகி.
நேர் நிரை நிரை, கூவிளங்கனி என்றால்
அவளுக்கு யார் விளக்குவது?
மெதுவாக, கோடில்லாமல்,
ஒரே மூச்சில் சொன்னேன்.

“மறுபடி?” என்றாள்.
பேனாவை எடுத்துக்கொண்டாள்.